எம்ஜிபி கியர்பாக்ஸ்: பழையதைத் திருத்துவதா, ஐந்து வேகப் பெட்டிக்கு மாறுவதா?

1962 செப்டம்பரில் அறிமுகமாகி 1980 அக்டோபர் வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரான எம்ஜிபி, பெரும் செல்வம் இல்லாதவரும் வாங்கி, ஓட்டி, பராமரிக்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று. அதன் 1,798 சி.சி. என்ஜின் பொறுமையானது, பிரேக்கும் சஸ்பென்ஷனும் வீட்டு முற்றத்திலேயே பிரித்துப் பூட்டக்கூடிய அளவுக்கு எளியவை. கியர்பாக்ஸ் மட்டும் அப்படியில்லை. இரண்டாம் கியருக்கு இறக்கும்போது பற்கள் கரகரக்கத் தொடங்கினாலோ, முதல் மூன்று கியர்களிலும் தரைக்கு அடியிலிருந்து ஓர் உறுமல் எழுந்தாலோ, உரிமையாளர் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. தன் பெட்டியைத் தானே பிரித்துத் திருத்தலாம். அதையே ஒரு தேர்ந்த பட்டறையில் கொடுத்துத் திருத்தி வாங்கலாம். பழையதைக் கொடுத்துவிட்டுத் திருத்திய வேறொரு பெட்டியை வாங்கலாம். உடைப்புக் கடையில் கிடைக்கும் பழைய பெட்டியைப் பூட்டலாம். அல்லது இவை அனைத்தையும் விட்டுவிட்டு, வேறொரு காரின் ஐந்து வேகப் பெட்டியைப் பொருத்தலாம்.

எந்த வழியில் போனாலும் ஒரு செலவு மாறாது. எம்ஜிபியில் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கும் கியர்பாக்ஸ் உடலும் ஒரே அலுமினிய வார்ப்பு. என்ஜின் இடத்தில் இருக்கும்போது பெட்டியை மட்டும் கீழ்வழியாக இறக்க முடியாது. என்ஜினைத் தனியாக எடுத்துவிட்டுப் பிறகு பெட்டியை எடுக்க வேண்டும், அல்லது இரண்டையும் சேர்த்துச் சங்கிலி ஏற்றியால் சாய்வாகத் தூக்கி பானெட் வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். அனுபவமில்லாத இருவருக்கு இது ஒரு முழு நாள் வேலை. ஆகவே சிறிய பழுது, பெரிய பழுது என்ற வேறுபாடு இங்கே அதிகம் பொருள்படுவதில்லை. நூறு ரூபாய் வளையத்துக்காகவும் என்ஜினைத் தூக்கத்தான் வேண்டும் என்பதால், ஒருமுறை தூக்கினால் மறுபடி பல ஆண்டுகளுக்குத் தூக்கத் தேவையில்லாதபடி முடிவெடுப்பதே அறிவு.

ஒரே பெயரில் இரு பெட்டிகள்

தேர்வைப் பற்றிப் பேசுவதற்கு முன் வண்டியில் எந்தப் பெட்டி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் இரண்டு, மூன்று, நான்காம் கியர்களுக்கு மட்டுமே சின்க்ரோ (பற்கள் மோதாதபடி வேகங்களைச் சமப்படுத்தும் வளைய அமைப்பு) உண்டு. முதல் கியருக்கு இல்லை. 1967 அக்டோபரில் வந்த இரண்டாம் மார்க் (இரண்டாம் பதிப்பு) வண்டியில்தான் நான்கு கியர்களுக்கும் சின்க்ரோ உள்ள புதிய பெட்டி வந்தது. அந்தப் பெட்டி பருமனானது. அதற்காக வண்டியின் தரையில் நடுவே ஓடும் மேட்டையே அகலப்படுத்தினார்கள். எனவே பிந்திய பெட்டியை முந்திய வண்டியில் பூட்ட நினைப்பவர் அந்த மேட்டை வெட்டி விரிக்க வேண்டும். என்ஜினின் பின்தகடு, ஃபிளைவீல், ஸ்டார்ட்டர் ஆகியவற்றையும் மாற்ற வேண்டும். கேட்பதற்கு இயல்பான முன்னேற்றமாகத் தோன்றும் இந்த மாற்றத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முதல் கியருக்குச் சின்க்ரோ கிடைக்கும் என்பதற்காக ஓர் ஆரம்பகால உடலை வெட்டுவது நியாயமான விலையாகாது.

இதைவிட முக்கியமான கேள்வி, பெட்டியின் பின்னால் ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் என்ஜினின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்த் தொகுதி, இருக்கிறதா என்பது. லேகாக் டி நார்மன்வில் வடிவமைப்பில் வந்த இந்த இணைப்பு, மூன்று சின்க்ரோ பெட்டியில் டி வகையாகவும், நான்கு சின்க்ரோ பெட்டியில் எல்.எச். வகையாகவும் இருந்தது. நீண்ட காலம் கூடுதல் விலைக்குத் தரப்பட்ட அது, 1975-இல் பிரிட்டன் சந்தைக்கான வண்டிகளில் நிரந்தர அங்கமாயிற்று. எம்ஜிபிகளில் பெரும்பகுதி சென்று சேர்ந்த அமெரிக்காவில் ஓவர்டிரைவ் இல்லாத வண்டிகள் ஏராளம்.

ஓவர்டிரைவ் இயங்கும் விதத்தைச் சொல்லாமல் ஒப்பீடு முழுமையாகாது. பெட்டியிலிருந்து விசையை வெளியே கொண்டுபோகும் மெயின் ஷாஃப்டின் முடிவில் ஒரு கோள்பற்சக்கரத் தொகுதி இருக்கிறது. சாதாரண நேரத்தில் கூம்பு கிளட்ச் ஒன்றும் ஒருவழி கிளட்ச் ஒன்றும் அந்தத் தொகுதி முழுவதையும் ஒரே துண்டாகச் சுழலச் செய்கின்றன. அப்போது உள்ளே வருகிற வேகமே வெளியே போகிறது. சுவிட்சைப் போட்டதும் ஒரு சிறு பம்ப் தரும் ஆயில் அழுத்தம் கூம்பு கிளட்சை எதிர்ப்பக்கம் நகர்த்தி, நடுவில் உள்ள சூரியச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. கோள்சக்கரங்கள் அதைச் சுற்றி உருண்டு வெளிவளையத்தை வேகமாகச் சுழற்றுகின்றன. கிளட்ச் பெடலை மிதிக்காமலேயே, ஆக்ஸிலரேட்டரைவிட்டுக் காலை எடுக்காமலேயே இது நடந்து முடிகிறது. எல்.எச். வகையில் விகிதம் (வெளியே ஒரு சுற்றுக்கு உள்ளே வேண்டிய சுற்று) 0.82, டி வகையில் 0.802.

கழற்றுவதற்கு முன் கேட்க வேண்டியவை

பெட்டி பழுதாகிவிட்டது என்று முடிவு செய்தவர்களில் சிலரது பெட்டிகள் நன்றாகவே இருந்தன என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். கியர் விழும்போது கரகரப்பதற்குச் சின்க்ரோ வளையம் தேய்ந்தது மட்டும் காரணமாக இருப்பதில்லை; கிளட்ச் முழுவதும் விடுபடாமல் இழுத்துக்கொண்டிருந்தாலும் அதே சத்தம் வரும். வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுதாக மிதித்து, சில விநாடிகள் காத்திருந்து ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பார்க்க வேண்டும். ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது. ஆதலால் காத்திருந்த பிறகும் அது அரைபட்டால் கிளட்ச் இழுக்கிறது என்று பொருள். எம்ஜிபியில் பெடலையும் மாஸ்டர் சிலிண்டரின் தண்டையும் இணைக்கும் முளையும் அதன் துளையும் நீள்வட்டமாகத் தேய்ந்துபோவது மிகச் சாதாரணம். அந்தச் சிறு முளையை மாற்றினால் பெடலின் அசைவு முழுதாகத் திரும்பக் கிடைத்து, கியர் பிரச்சினை இருந்த இடம் தெரியாமல் போன வண்டிகள் உண்டு.

சத்தங்களையும் பிரித்துக் கேட்கலாம். நியூட்ரலில் நின்றபடி கிளட்சை விட்டிருக்கும்போது வரும் இரைச்சல், பெடலை மிதித்ததும் நின்றுவிட்டால் அது பெட்டிக்குள், என்ஜினின் விசையை ஏற்கும் முன் ஷாஃப்டின் பேரிங்கிலிருந்தோ, அந்த விசையைக் கீழ்க் கியர்களுக்குக் கடத்தும் லே கியரிலிருந்தோ வருகிறது. மிதிக்கும்போதுதான் சத்தம் தொடங்குகிறது என்றால் கிராஃபைட்டால் ஆன ரிலீஸ் பேரிங்கையோ, கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் உள்ள வெண்கல புஷ்ஷையோ சந்தேகிக்கலாம். முதல், இரண்டு, மூன்றாம் கியர்களில் உறுமி நான்காம் கியரில் அமைதியாகிவிடும் பெட்டியில் லே கியரைத் தாங்கும் தண்டான லே ஷாஃப்ட் போயிருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். ஏனென்றால் நான்காம் கியரில் விசை முன் ஷாஃப்டிலிருந்து நேராக மெயின் ஷாஃப்டுக்குப் போகிறது, லே கியர் சும்மா சுழல்கிறதேயன்றிச் சுமை தாங்குவதில்லை. நான்காம் கியரிலும் அதே உறுமல் தொடர்ந்தால் முன் பேரிங் அல்லது பெட்டிக்கு வெளியே உள்ள பாகங்களைப் பார்க்க வேண்டும்.

ஓவர்டிரைவ் வேலை செய்யவில்லை என்பதற்காக என்ஜினைத் தூக்கியவர்களுக்காக நான் உண்மையிலேயே வருந்துகிறேன். மூன்றாம், நான்காம் கியர்களைத் தவிர மற்றவற்றில் ஓவர்டிரைவ் விழாமல் தடுக்கும் சுவிட்ச் ஒன்று பெட்டியின் மேற்புறம் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் அதிலோ, அதற்குப் போகும் ஒயரிலோ, ஓவர்டிரைவின் வால்வை மின்சாரத்தால் இயக்கும் சாலினாய்டிலோ, குறைந்துபோன ஆயிலிலோதான் இருக்கும். இவை அனைத்தையும் பெட்டியை இறக்காமலேயே சரிபார்க்கலாம். எல்.எச். வகையின் சாலினாய்டு ஓர் ஆம்பியர் அளவே மின்சாரம் எடுக்கும். ஆகவே ஓர் அம்மீட்டரை இணைத்தாலே மின்சுற்று முழுமையாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதற்கு மாறாக, ஓவர்டிரைவ் விழுந்தபடியே சிக்கிக்கொண்டு விடுபடாமல் இருந்தால் அந்த வண்டியை ரிவர்ஸில் எடுக்கவே கூடாது. பின்னோக்கிச் சுழலும்போது ஒருவழி கிளட்ச் பூட்டிக்கொண்டு உள்ளே உடைந்துவிடும்.

கடைசியாக ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும். பித்தளை மினுமினுப்பு மட்டும் தெரிந்தால் சின்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. மெல்லிய எஃகுச் செதில்கள் வந்தால் லே ஷாஃப்டின் கடினப்படுத்திய மேற்பரப்பு உரிந்துகொண்டிருக்கிறது. பிந்தியது தெரிந்த நாளிலேயே வண்டியை நிறுத்துவது நல்லது. உரிந்த செதில்கள் அதே ஆயிலில் மிதந்து ஓவர்டிரைவின் பம்புக்கும் வால்வுகளுக்கும் போகின்றன, ஏனெனில் இரண்டுக்கும் ஆயில் ஒன்றே.

தன் கையால் திருத்துவது

நான்கு சின்க்ரோ பெட்டியைத் தானே திருத்துவது, பொறுமையும் சுத்தமான மேசையும் உள்ளவருக்குச் சாத்தியமான வேலை என்பதே என் கருத்து. ஆனால் அதில் எந்தக் கட்டம் கடினம் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பிரிப்பது எளிது. லே ஷாஃப்டைத் தள்ளி எடுக்கும்போது அதே நீளமும் சற்றே குறைந்த பருமனும் உள்ள ஒரு போலி ஷாஃப்டைப் பின்னாலேயே நுழைத்தால், லே கியரின் ஊசி பேரிங்குகள் சிதறாமல் உள்ளேயே நிற்கும். லே கியர் பெட்டியின் அடியில் இறங்கி மற்ற ஷாஃப்டுகளுக்கு வழிவிடும். கடினமான கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது: எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பது.

லே ஷாஃப்ட் தான் சுழலாமல் நிற்க, அதைச் சுற்றி லே கியர் சுழல்கிறது. எனவே சுமை எப்போதும் அந்தத் தண்டின் ஒரே பக்கத்திலேயே விழுந்து, அங்கே சிறு குழிகளை உண்டாக்குகிறது. தண்டை விரல் நகத்தால் வருடினாலே அது தெரியும். தண்டும் ஊசி பேரிங்குகளும் விலை அதிகமில்லாதவை, தயக்கமின்றி மாற்றிவிடலாம். ஆனால் அதே ஊசிகள் லே கியரின் உட்துளையையும் கடித்திருந்தால், புதிய தண்டும் புதிய ஊசிகளும் சில ஆயிரம் மைல்களில் பழைய நிலைக்கே வந்துவிடும். மொத்தத் திருத்தச் செலவு சாதாரணமாக இருக்குமா, பெரிதாகுமா என்பதை முடிவு செய்வது இந்த ஒரு துளைதான். அதை விளக்கொளியில் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் ஆர்டர் செய்யக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன்.

சின்க்ரோ வளையங்களை மாற்றும்போது, புதியது என்பதாலேயே அது நல்லது என்று எடுத்துக்கொள்ளலாகாது. இன்று விற்பனையில் உள்ள வளையங்கள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. வளையத்தைக் கியரின் கூம்பின் மேல் வைத்துப் பெருவிரலால் அழுத்தித் திருப்பினால் அது கூம்பைக் கவ்விப் பிடிக்க வேண்டும். வளையத்துக்கும் கியரின் பற்களுக்கும் இடையே தெளிவான இடைவெளி சுற்றிலும் சீராக இருக்க வேண்டும். கவ்வாமல் வழுக்கும் வளையத்தைத் திருப்பி அனுப்புவதே சரி. கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும் பெட்டியில் வளையம் குற்றவாளி அல்ல. ஹப்பின் பற்கள், செலக்டரின் ஸ்பிரிங்கும் குண்டும், மெயின் ஷாஃப்டின் நீளவாட்டு ஆட்டம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். லே கியருக்கு அனுமதிக்கப்படும் நீளவாட்டு ஆட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு முதல் மூன்று பங்கு மட்டுமே. வெவ்வேறு பருமனில் கிடைக்கும் த்ரஸ்ட் வாஷர்களைப் போட்டுப் பார்த்து, ஃபீலர் கேஜால் அளந்து, மறுபடி கழற்றி, மறுபடி போட்டு அந்த அளவுக்குக் கொண்டுவருவதில் எனக்கு ஒரு மாலை முழுவதும் போயிற்று. அந்த மாலையைக் கொடுக்க விரும்பாதவர் இந்த வழியைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது.

ஓவர்டிரைவை மறுபடி பூட்டும்போது மற்றொரு தடை வரும். கோள்சக்கரச் சட்டத்தின் ஸ்ப்ளைன்களும் (தண்டு பொருந்தும் நீளவாட்டுப் பற்கள்) ஒருவழி கிளட்சின் ஸ்ப்ளைன்களும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் மெயின் ஷாஃப்ட் உள்ளே இறங்கும். நீண்ட திருப்புளியால் அவற்றை முன்கூட்டியே ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஓவர்டிரைவைத் தன் எடையாலேயே இறங்கவிட வேண்டும். கடைசி ஒரு சென்டிமீட்டர் இறங்காவிட்டால் போல்ட்டை முறுக்கி இழுக்கத் தோன்றும். இழுக்கக் கூடாது, எடுத்துவிட்டு மறுபடி வரிசைப்படுத்த வேண்டும்.

பட்டறையும் மாற்றுப்பெட்டியும்

பட்டறையில் கொடுப்பது, மாற்றுப்பெட்டி வாங்குவது ஆகிய இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அடிப்படையில் வேறானவை. முன்னதில் நாம் கொடுத்த உடலும் கியர்களும் நமக்கே திரும்புகின்றன; எவை மாற்றப்பட்டன என்று கேட்கலாம், கழற்றிய பாகங்களைக் காட்டச் சொல்லலாம். பின்னதில் யாருடையதோ ஒரு பெட்டி வருகிறது, நம்முடையது போய்விடுகிறது. காத்திருக்க வேண்டாம் என்பதே மாற்றுப்பெட்டியின் ஒரே பெரிய பலம். என்ஜினைக் காலையில் எடுத்து மறுநாள் மாலையில் வண்டியை ஓட்டிவிடலாம்.

நான் அந்த அவசரத்துக்கு ஆட்பட்டவன். என்னுடைய 1971-ஆம் ஆண்டு ஜிடி (நிலையான கூரை கொண்ட எம்ஜிபி) வண்டிக்கு முதலில் மாற்றுப்பெட்டிதான் வாங்கினேன். சில மாதங்களிலேயே மூன்றாம் கியரில் ஏற்றம் ஏறும்போது பழைய உறுமல் திரும்பியது. பிரித்துப் பார்த்தபோது வளையங்களும் கேஸ்கட்டுகளும் புதியவையாக இருந்தன. லே ஷாஃப்ட் மட்டும் குழிவிழுந்த பழையதேயாக, ஆனால் குழி விழாத பக்கம் சுமைக்கு வரும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பூசியிருந்த வெள்ளிப் பெயிண்ட்டின் பளபளப்பைப் பார்த்து நான் ஏற்றுக்கொண்ட பெட்டி அது. என்னுடைய அசல் பெட்டியோ அதற்குள் வேறெங்கோ போயிருந்தது. அந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது. நல்ல முறையில் திருத்தி உத்தரவாதத்தோடு தருபவர்களும் நிச்சயமாக இருக்கிறார்கள். ஆயினும், லே ஷாஃப்டும் ஊசி பேரிங்குகளும் புதியவையா, லே கியரின் துளை பார்க்கப்பட்டதா, ஓவர்டிரைவ் சுழற்றிச் சோதிக்கப்பட்டதா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை தராதவரிடம் மாற்றுப்பெட்டி வாங்குவது சூதாட்டமே.

மாற்றுப்பெட்டியிலும் உடைப்புக் கடைப் பெட்டியிலும் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எல்.எச். ஓவர்டிரைவில் முந்தியதற்குக் கறுப்புத் தகடும் பிந்தியதற்கு நீலத் தகடும் பொருத்தியிருப்பார்கள். கறுப்புத் தகடு உள்ளது, மைலுக்குக் கேபிளின் 1,280 சுற்றுக்கு அமைந்த வேகமானியோடும், நீலத் தகடு உள்ளது 1,000 சுற்றுக்கு அமைந்த வேகமானியோடும் சேர்ந்து வந்தது. 1,280 சுற்று எதிர்பார்க்கும் வேகமானிக்கு 1,000 சுற்று தரும் பெட்டியை இணைத்தால், வண்டி மணிக்கு 70 மைல் வேகத்தில் போகும்போது முள் 55-க்குக் கீழே காட்டும். வாங்குவதற்கு முன் தகட்டின் நிறத்தைக் கேட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

உடைப்புக் கடைப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதைத் திறந்து திருத்துவதற்கான மூலப்பொருளாக வாங்கலாம். அப்படியே பூட்டுவதற்காக வாங்கக் கூடாது.

ஐந்து வேகப் பெட்டி தருவது என்ன

எம்ஜிபிக்கு இன்று பரவலாகப் பொருத்தப்படுபவை இரண்டு: ஃபோர்டு சியரா போன்ற கார்களில் வந்த டைப் 9 பெட்டி, மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பெட்டி. இரண்டுக்கும் தனி பெல் ஹவுசிங், வேறு ஸ்ப்ளைன் கொண்ட கிளட்ச் தட்டு, மாற்றியமைத்த புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் தாங்கி, வேகமானி கேபிள் ஆகியவை அடங்கிய தொகுப்புகள் விற்கப்படுகின்றன. இரண்டுமே ஓவர்டிரைவோடு கூடிய பழைய பெட்டியைவிட எடை குறைந்தவை. கியர் மாற்றம் இலகுவானது. எம்ஜிபி என்ஜினின் சுமார் 95 குதிரைத்திறனைத் தாங்குவதில் இவற்றுக்குச் சிரமம் இல்லை.

ஆயினும் விளம்பரம் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. 3.909 பின்அச்சு விகிதமும் 165 அளவு 14 அங்குல டயரும் உள்ள எம்ஜிபி, நான்காம் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழலும்போது மணிக்கு ஏறத்தாழ 17.9 மைல் வேகம் போகிறது. பிரிட்டனின் மோட்டார்வே வரம்பான 70 மைல் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 112 கிலோமீட்டரில், என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,900 சுற்று சுழல்கிறது. ஒரு மணி நேரம் அப்படி ஓட்டினால் காது களைத்துவிடும். டைப் 9 பெட்டியின் ஐந்தாம் கியர் 0.82, எம்எக்ஸ்-5 பெட்டியின் ஐந்தாம் கியர் 0.814. முதலாவதில் அதே வேகத்துக்கு 3,200 சுற்று, இரண்டாவதில் 3,180. பெரிய நிம்மதிதான். ஆனால் எல்.எச். ஓவர்டிரைவின் விகிதமும் அதே 0.82. ஓவர்டிரைவ் உள்ள வண்டியில் ஐந்து வேகப் பெட்டியைப் போடுபவர் நெடுஞ்சாலையில் உணரும்படியாக ஒரு சுற்றும் குறைவாகப் பெறுவதில்லை. அதுமட்டுமன்று, அவர் ஒரு கியரை இழக்கிறார். மூன்றாம் கியரின் 1.38 விகிதத்தோடு ஓவர்டிரைவ் சேரும்போது 1.13 என்ற இடைப்பட்ட விகிதம் கிடைக்கிறது. வளைந்து வளைந்து ஏறும் கிராமச் சாலையில், மூன்றாம் கியர் இரைந்தும் நான்காம் கியர் திணறியும் நிற்கும் இடத்தில், ஒரு விரலசைவில் வந்து விழும் அந்த விகிதம்தான் எம்ஜிபியை ஓட்டும் இன்பத்தின் பாதி என்று நான் நினைக்கிறேன். 1977-ஐ ஒட்டி வந்த வண்டிகளிலிருந்து ஓவர்டிரைவ் நான்காம் கியரில் மட்டுமே விழும்படி மாற்றப்பட்டது; அவற்றுக்கு இந்த வாதம் பொருந்தாது.

கீழ்க் கியர்களிலும் வேறுபாடு உண்டு. எம்ஜிபியின் நான்கு சின்க்ரோ பெட்டியில் முதல் கியர் 3.44, இரண்டாவது 2.17. நான்கு சிலிண்டர் கார்களுக்கான டைப் 9 பெட்டியில் இவை 3.65, 1.97. முதல் கியர் மேலும் குட்டையாகிறது, இரண்டாம் கியர் மேலும் தள்ளிப்போகிறது. 4,500 சுற்றில் முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால், எம்ஜிபி பெட்டியில் என்ஜின் 2,830 சுற்றுக்கு விழும். டைப் 9-இல் 2,430-க்கு விழும். தாழ்ந்த சுற்றிலேயே இழுவை தரும் என்ஜின் என்பதால் இது வண்டியை நிறுத்திவிடாது. ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் உணரக்கூடிய பள்ளம் இது. இந்தக் காரணத்தால் நீளமான முதல் கியரைப் போட்டுத் திருத்திய டைப் 9 பெட்டிகள் விற்கப்படுகின்றன, அவற்றின் விலையும் அதற்கேற்றபடி உயர்கிறது. எம்எக்ஸ்-5 பெட்டியில் 3.14, 1.89 என்று இருப்பதால் விழும் இடம் 2,710 சுற்று. இரண்டில் எம்ஜிபியின் குணத்துக்கு நெருங்கி வருவது இதுதான்.

மற்றொன்றையும் மறக்கலாகாது. சியரா கார் 1993-இல் நின்றுவிட்டது. டைப் 9 பெட்டியும் இப்போது ஒரு பழைய பெட்டியே. அதற்குள்ளும் லே ஷாஃப்டும் ஊசி பேரிங்குகளும் இருக்கின்றன. திறந்து பார்க்காத டைப் 9-ஐப் பொருத்துவது, ஒரு சந்தேகத்தை எடுத்துவிட்டு இன்னொரு சந்தேகத்தை வைப்பதாகவே முடியும். எம்எக்ஸ்-5 அதைவிடப் பிந்தியது, எண்ணிக்கையிலும் ஏராளம். நல்ல நிலையில் ஒன்றைக் கண்டுபிடிப்பது எளிது. எதைப் போட்டாலும் பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்த மாற்றத்தைத் தெரிவித்துவிட வேண்டும். அசல் பெட்டியைக் கொடுத்துவிடாமல் எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தினால், பின்னால் வாங்குபவருக்கும் வண்டியைப் பழைய நிலைக்குத் திருப்பும் உரிமை கிடைக்கும்.

எந்த வண்டிக்கு எது

ஓவர்டிரைவ் உள்ள நான்கு சின்க்ரோ வண்டியாக இருந்தால் எனக்கு ஐயமே இல்லை: அந்தப் பெட்டியையே திருத்த வேண்டும். கைத்திறன் இருந்தால் முழுவதும் தானே; அளவெடுக்கும் கருவியோ பிரஸ்ஸோ இல்லாவிட்டால், என்ஜினையும் பெட்டியையும் தானே எடுத்து, பெட்டியை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய், தானே திரும்பப் பூட்ட வேண்டும். கூலியில் பெரும்பகுதி எடுத்துப் பூட்டுவதற்கே போகிறது என்பதால், இந்த நடுவழி பணத்தையும் மிச்சப்படுத்துகிறது, நம் பெட்டியையும் நம்மிடமே வைத்திருக்கிறது. லே கியர் கெட்டுப்போயிருந்தாலும் என் முடிவு மாறாது. ஓர் உடைப்புக் கடைப் பெட்டியை வாங்கி இரண்டிலிருந்தும் நல்லவற்றைச் சேர்த்து ஒன்றாக்கலாம்.

ஓவர்டிரைவ் இல்லாத நான்கு சின்க்ரோ வண்டியில்தான் தேர்வு உண்மையாகவே கடினமாகிறது. ஓவர்டிரைவ் பெட்டியின் மெயின் ஷாஃப்ட் வேறு என்பதால், இருக்கும் பெட்டிக்குப் பின்னால் ஓவர்டிரைவை ஒட்டவைக்க இயலாது. முழுப் பெட்டியாகவே தேடி வாங்கித் திருத்த வேண்டும். அந்தச் செலவு எம்எக்ஸ்-5 மாற்றத்தின் செலவை நெருங்கும்போது, மோட்டார்வேயில் அதிகம் ஓடும் வண்டிக்கு எம்எக்ஸ்-5 பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஆண்டுக்குச் சில நூறு மைல்கள் மட்டும் கிராமச் சாலைகளில் ஓடும் வண்டியாயின், இருக்கும் நான்கு வேகப் பெட்டியைத் திருத்திக்கொண்டாலே போதுமானது.

மூன்று சின்க்ரோ பெட்டியின் நிலை தனி. அதில் முதல் கியரின் நேர்ப்பற்கள் இரண்டாம் கியரின் சின்க்ரோ ஹப்பின் வெளிப்புறத்திலேயே வெட்டப்பட்டிருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் கியரைப் போட்டுப் போட்டு அந்தப் பற்களை உடைத்திருந்தால், இரண்டாம் கியரின் ஹப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். முதல் மார்க் வண்டியின் மதிப்பு அதன் அசல்தன்மையில் இருக்கிறது. அதை வரலாற்றுப் பந்தயத்துக்கோ கண்காட்சிக்கோ கொண்டுபோக எண்ணுபவர், செலவைப் பாராமல் அந்தப் பெட்டியை அறிந்த பட்டறையிலேயே கொடுக்க வேண்டும். இந்தப் பெட்டியை முதல் முயற்சியாகத் தானே பிரிக்க நான் சொல்ல மாட்டேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், என்ஜின் வெளியே இருக்கும் அந்தச் சில நாட்களில் கிளட்ச் தொகுதி, ரிலீஸ் பேரிங், கிராங்க் முனையின் வெண்கல புஷ், கிராங்க் ஷாஃப்டை ஐந்து பேரிங்குகள் தாங்கும் என்ஜினாக இருந்தால் பின்பக்க ஆயில் சீல் ஆகியவற்றையும் மாற்றிவிட வேண்டும். அசல் பெட்டியில் ஊற்ற வேண்டியது 20டபிள்யூ-50 என்ஜின் ஆயில். பின்அச்சுக்கு ஊற்றும் கியர் ஆயிலை இதில் ஊற்றக் கூடாது. அதில் கலந்திருக்கும் சேர்மங்கள் சின்க்ரோ வளையங்களுக்கும் ஓவர்டிரைவின் கூம்பு கிளட்சுக்கும் ஆகாதவை. முதல் 500 மைல் ஓடியதும் அந்த ஆயிலை வடித்து, ஓவர்டிரைவின் அடியில் உள்ள சல்லடையையும் கழுவிப் பூட்ட வேண்டும். நான் திருத்திய பெட்டியிலிருந்து அப்படி வடிந்ததில் புதிய வளையங்களின் மெல்லிய பித்தளைத் தூள் மட்டும் இருந்தது. எஃகுச் செதில் ஒன்றும் இல்லை.